ஒரு நாடு, ஐம்பது சட்டங்கள்: அமெரிக்காவில் கைத்துப்பாக்கியும் நம் பிள்ளைகளும்

படிப்புக்காகவும் பணிக்காகவும் அமெரிக்காவில் பிள்ளைகள் இல்லாத ஊர் இன்று நம்மிடையே அபூர்வம். ஒரு வீட்டின் மகன் டெக்சாஸில் இருப்பார், அடுத்த வீட்டின் மருமகன் நியூ ஜெர்சியில் இருப்பார். அங்கே எங்காவது துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால் இங்கே பெற்றோருக்கு உறக்கம் போய்விடுகிறது. பதற்றம் தணிந்த பிறகு ஒரு கேள்வி எழுகிறது: "பாதுகாப்புக்கு நீயும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமே? அங்கேதான் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமாமே?"

இந்த 'யார் வேண்டுமானாலும்' என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை உடையில் மறைத்து எடுத்துச் செல்வது ஒரு மாநிலத்தில் லைசென்ஸே தேவைப்படாத உரிமை. பக்கத்து மாநிலத்தில் பல ஆண்டு சிறைக்குரிய குற்றம். ஒரே மாநிலத்திலும் குடிமகனுக்கு ஆகுமான ஒன்று, விசாவில் இருக்கும் நம் பிள்ளைக்குத் தடையாக இருக்கும். வாட்ஸ்அப் செய்தியை நம்பியோ நண்பர் சொன்னதைக் கேட்டோ இதில் இறங்கினால் இழப்பு வேலையோடு நிற்காது. நாடு கடத்தல் வரை போகும். எனவே இந்தச் சட்டங்கள் எப்படி அமைந்திருக்கின்றன, எங்கே தேட வேண்டும், தேடிக் கிடைத்ததை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பதை நாம் நிதானமாகப் பார்ப்போம்.

ஏன் இத்தனை வேறுபாடு?

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் என்ற ஒரே மத்தியச் சட்டம் நாடு முழுவதற்கும் பொருந்தும். அதனால் 'சட்டம் என்றால் ஒன்றுதான்' என்ற எண்ணம் நமக்கு இயல்பாக வந்துவிடுகிறது. அமெரிக்காவில் அப்படி இல்லை. 1791இல் ஏற்கப்பட்ட அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. அந்த உரிமைக்கான நிபந்தனைகளைக் கூட்டாட்சி அரசும் விதிக்கிறது, ஐம்பது மாநிலங்களும் தனித்தனியே விதிக்கின்றன.

உச்ச நீதிமன்றத்தின் சில தீர்ப்புகளைத் தெரிந்துகொண்டால் இன்றைய நிலை புரியும். 2008இல் ஹெல்லர் வழக்கில், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. 2010இல் மெக்டொனால்டு வழக்கில், இந்த உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. 2022 ஜூன் 23 அன்று வந்த புரூயன் தீர்ப்பு இதை வீட்டுக்கு வெளியேயும் கொண்டுபோனது. அதுவரை நியூயார்க்கில் லைசென்ஸ் கேட்பவர், மற்றவர்களைவிடத் தனக்குத் தனிப்பட்ட தேவை இருப்பதாக அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டும். அந்த நிபந்தனை செல்லாது என்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, மேரிலாண்ட், மாசசூசெட்ஸ், ஹவாய் ஆகியவற்றின் இதே போன்ற விதிகளும் அதனால் ஆட்டம் கண்டன.

மறுபுறம், லைசென்ஸே வேண்டாம் என்று முடிவெடுத்த மாநிலங்கள் பெருகின. வெர்மாண்டில் எப்போதுமே லைசென்ஸ் முறை இருந்ததில்லை. அலாஸ்கா 2003இலும் அரிசோனா 2010இலும் டெக்சாஸ் 2021 செப்டம்பரிலும் ஃபுளோரிடா 2023 ஜூலையிலும் அந்த வழிக்கு வந்தன. 2024இல் தெற்கு கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்தபோது இத்தகைய மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆனது. மற்ற மாநிலங்களில் விண்ணப்பம், கைரேகை, பின்னணி விசாரணை, சிலவற்றில் பயிற்சி வகுப்பு என்று முறைகள் தொடர்கின்றன.

'அமெரிக்காவில் எல்லோரும் வைத்துக்கொள்ளலாம்' என்பது அந்த 29 மாநிலங்களைப் பற்றிய அரைகுறைச் செய்தி. அந்த மாநிலங்களிலும் அது எல்லோரையும் குறிக்காது.

முதலில் பார்க்க வேண்டியது விசா

மாநிலச் சட்டத்தைத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: துப்பாக்கியைத் தொட நினைப்பவர் யார்?

கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில் 922ஆம் பிரிவு, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாதவர்களைப் பட்டியலிடுகிறது. பெருங்குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்கள், குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர்கள் ஆகியோருடன் இன்னொரு பிரிவினரும் அதில் இருக்கிறார்கள். சட்டவிரோதமாகத் தங்கியிருப்போரும், குடியேற்றம் அல்லாத விசாவில் அனுமதிக்கப்பட்டோரும் அவர்கள். மாணவர்களின் எஃப்1, பணியாளர்களின் எச்1பி, அவர்களது மனைவி மக்களின் எச்4, பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோரின் சுற்றுலா விசா ஆகிய அனைத்தும் இந்தக் குடியேற்றம் அல்லாத வகையில் அடங்கும். நம்மவர்களில் பெரும்பாலோர் இந்த விசாக்களில்தான் போகிறார்கள்.

டெக்சாஸ் சட்டம் 'லைசென்ஸ் வேண்டாம்' என்று சொல்கிறதே என்று ஒரு தம்பி கேட்கலாம். அந்தச் சட்டமே 21 வயது நிறைந்த, மாநில அல்லது கூட்டாட்சிச் சட்டம் தடுக்காத நபருக்கு என்றுதான் சொல்கிறது. எச்1பி விசாவில் இருப்பவரைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. எனவே அவர் அந்தச் சலுகைக்குள் வரவே மாட்டார். 2022க்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டு வரை சிறை விதிக்க முடியும்.

இதில் விதிவிலக்குகள் உண்டு. மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை அனுமதி வைத்திருப்பவர் அவற்றில் ஒருவர். 'ஒரு வேட்டை லைசென்ஸ் எடுத்துவிட்டால் போதும்' என்று இதைச் சுருக்கிச் சொல்வோர் இருக்கிறார்கள். கூட்டாட்சித் தடை விலகினாலும் மாநிலத்தின் தனி நிபந்தனைகள் அப்படியே நிற்கும். வேட்டைக்கான அனுமதி, நகரத்தில் மறைத்து எடுத்துச் செல்வதற்கான அனுமதியாகவும் ஆகிவிடாது. வழக்கறிஞரின் எழுத்துப்பூர்வ ஆலோசனை இல்லாமல் இந்தச் சந்துக்குள் நுழைவது அறிவுடைமை ஆகாது.

இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து மாணவர் விசாவில் ஃபுளோரிடாவுக்குப் படிக்கச் சென்ற ஓர் இளைஞர் மதிப்பெண் குறைந்ததால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். அதோடு அவரது விசா நிலையும் முடிந்துபோனது. பிறகு அவர் செய்தது, பயிற்சிக் கூடம் ஒன்றில் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துச் சுட்டதுதான். அதற்காகக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். 'ரெஹைஃப்' என்ற பெயரில் அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தடை செய்யப்பட்ட பிரிவில் தான் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் நீதிமன்றம் சொன்னது. அந்த ஒரு வரியைப் பெறுவதற்குள் ஓர் இளைஞரின் ஆண்டுகள் போய்விட்டன. வார இறுதியில் நண்பர்களோடு 'சும்மா ஒரு முறை சுட்டுப் பார்க்கலாம்' என்று பயிற்சிக் கூடத்துக்குப் போகும் நம் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கியை விலைக்கு வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. கையில் இருந்தாலே 'வைத்திருத்தல்' ஆகிவிடும்.

கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தக் கூட்டாட்சித் தடை இல்லை. ஆனால் அவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் ஒரு குற்றத்தில் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு இருந்தாலும் குடியேற்றச் சட்டப்படி நாடு கடத்தப்படலாம். குடிமகனுக்கு அபராதத்தோடு முடியும் ஒரு தவறு, நம் பிள்ளைக்கு இருபது ஆண்டு உழைப்பை இழக்க வைக்கும்.

எல்லைக் கோட்டைத் தாண்டினால்

மாநில எல்லைகளில் சோதனைச் சாவடி கிடையாது. நெடுஞ்சாலையில் ஒரு வரவேற்புப் பலகை தென்படும், அவ்வளவுதான். சட்டமோ அந்தப் பலகையில் முழுவதுமாக மாறிவிடுகிறது.

2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த, இரண்டு குழந்தைகளின் தாயான ஒரு பெண் நியூ ஜெர்சியில் காரில் போய்க்கொண்டிருந்தார். போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியது. தன்னிடம் துப்பாக்கி இருப்பதையும் பென்சில்வேனியா லைசென்ஸ் இருப்பதையும் அவரே முன்வந்து சொன்னார். நியூ ஜெர்சி பிற மாநில லைசென்ஸை ஏற்பதில்லை. உடனே கைது. அங்குள்ள கட்டாயத் தண்டனைச் சட்டப்படி குறைந்தது மூன்றரை ஆண்டு சிறை அவர் முன் நின்றது. பெரும் விவாதத்துக்குப் பிறகு சிறையைத் தவிர்க்கும் திட்டத்தில் அவரைச் சேர்த்தார்கள். 2015இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். நேர்மையாகப் பேசியவர்தான், ஊரில் லைசென்ஸும் பெற்றவர்தான். அந்த லைசென்ஸ் எந்த ஊர் வரை செல்லும் என்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை.

பயணிகளுக்குப் பாதுகாப்பாக 1986இல் வந்த கூட்டாட்சி விதி ஒன்று உண்டு. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்க உரிமையுள்ளவர், தோட்டா நீக்கி, கைக்கு எட்டாதவாறு பூட்டி, இடையிலுள்ள மாநிலங்களைக் கடந்து போகலாம். இந்தப் பாதுகாப்பும் மெல்லிய நூல்தான். 2005இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் போன ஒருவர், நியூவார்க் விமான நிலையத்தில் இணைப்பு தவறியதால் பெட்டியைப் பெற்றுக்கொண்டு ஓர் இரவு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை பெட்டியைத் திரும்ப ஒப்படைக்கும்போது துப்பாக்கி இருப்பதை முறையாக அறிவித்தார். அங்கேயே கைது செய்யப்பட்டார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது என்றாலும், நஷ்டஈடு கேட்டு அவர் தொடுத்த வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் ஏற்கவில்லை. ஹோட்டலில் இருந்த இரவில் பெட்டி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்தது. எனவே அந்த விதி அவரைக் காக்காது என்றது.

'இனி ஒரு மாநில லைசென்ஸ் நாடு முழுவதும் செல்லும்' என்று ஒரு செய்தி அவ்வப்போது சுற்றுகிறது. அப்படி ஒரு மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நிறைவேறவில்லை. 2025 ஜனவரியில் அதே நோக்கத்தோடு மீண்டும் ஒன்று அறிமுகமானது. ஒரு சபை நிறைவேற்றியது என்பதும் சட்டமாகிவிட்டது என்பதும் வெவ்வேறு.

எங்கே தேடுவது?

செய்தித்தாள், யூடியூப், துப்பாக்கிக் கடைக்காரர், செயற்கை நுண்ணறிவுச் செயலி ஆகிய எதையும் கேட்கலாம். கேட்டதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். தவறு நேர்ந்தால் சிறைக்குப் போகப்போவது கேட்டவர்தான், சொன்னவர் அல்லர். ஒரு செய்தியை அதன் மூலம் வரை கொண்டுபோய்ப் பார்ப்பது நம் சமுதாயத்துக்குப் புதிய பழக்கமும் அல்ல. இதில் மூலம் மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரபூர்வ இணையதளம். ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத் தொகுப்பை இலவசமாக வெளியிடுகிறது. டெக்சாஸில் தண்டனைச் சட்டத்தின் 46ஆம் அத்தியாயம் எங்கே எடுத்துச் செல்லக் கூடாது என்பதையும், அரசுச் சட்டத்தின் 411ஆம் அத்தியாயம் லைசென்ஸ் முறையையும் சொல்கின்றன. ஃபுளோரிடாவில் 790ஆம் அத்தியாயம். நியூயார்க்கில் தண்டனைச் சட்டத்தின் 265, 400 ஆகிய பகுதிகள்.

இரண்டாவது, லைசென்ஸ் வழங்கும் அலுவலகம். இது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் பொதுப் பாதுகாப்புத் துறை வழங்குகிறது. பென்சில்வேனியாவில் கவுண்டி ஷெரீஃப், ஜார்ஜியாவில் கவுண்டியின் புரோபேட் நீதிபதி. ஃபுளோரிடாவில் வழங்குவது வேளாண்மை மற்றும் நுகர்வோர் சேவைத் துறை! போலீஸ் இணையதளத்தில் மட்டும் தேடுபவருக்கு இது கிடைக்காது. எந்த மாநிலங்களின் லைசென்ஸை ஏற்கிறோம் என்ற பட்டியலை இந்த அலுவலகமோ மாநில அட்டர்னி ஜெனரலோ வெளியிடுவார்கள். ஒஹையோவில் அட்டர்னி ஜெனரல் எளிய நடையில் ஒரு கையேடே வெளியிடுகிறார்.

மூன்றாவது, நீதிமன்றத் தீர்ப்புகள். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

கிடைத்ததை எப்படிச் சரிபார்ப்பது?

ஒன்று, தேதி. மசோதா அறிமுகமான நாள், ஆளுநர் கையெழுத்திட்ட நாள், நடைமுறைக்கு வரும் நாள் ஆகிய மூன்றும் வேறு வேறு. டெக்சாஸில் பல சட்டங்கள் செப்டம்பர் 1 அன்றும், ஃபுளோரிடாவில் பல ஜூலை 1 அன்றும் நடைமுறைக்கு வருகின்றன. கையெழுத்துச் செய்தியைப் படித்துவிட்டு மறுநாளே செயலில் இறங்கினால், பழைய சட்டம்தான் அவரைப் பிடிக்கும். சட்டப் பிரிவின் அடியில் எந்த ஆண்டில் திருத்தப்பட்டது என்ற வரலாறு சிறிய எழுத்தில் இருக்கும். அதையும் படிக்க வேண்டும்.

இரண்டு, ஏட்டில் உள்ள வாசகம் இன்று உயிரோடு இருக்கிறதா என்பது. டெக்சாஸ் சட்டத்தில் 21 வயது என்றுதான் அச்சாகியிருக்கிறது. ஆனால் 18 முதல் 20 வயது வரையுள்ளோரை அந்த வயதைக் காரணமாகச் சொல்லித் தடுப்பது செல்லாது என்று 2022 ஆகஸ்டில் ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். மாநிலம் மேல்முறையீட்டைக் கைவிட்டது. ஃபுளோரிடாவில் வெளியே தெரியும்படி துப்பாக்கி அணியக் கூடாது என்ற தடை பல ஆண்டுகளாக இருந்தது. 2025 செப்டம்பரில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: ஒரு நீதிமன்றம் நிறுத்திய விதியை மேல் நீதிமன்றம் சில மாதங்களில் மீட்டுவிடும். பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடத்துக்குள் உரிமையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் துப்பாக்கியோடு நுழையக் கூடாது என்ற ஹவாய் சட்டத்தைப் பற்றிய வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. எனவே சட்டப் பிரிவின் எண்ணோடு 'தீர்ப்பு', 'தடையாணை' ஆகிய சொற்களையும் சேர்த்துத் தேடுவது அவசியம்.

மூன்று, வண்ண வரைபடங்கள். பச்சை நிற மாநிலங்களில் உங்கள் லைசென்ஸ் செல்லும் என்று காட்டும் படங்கள் இணையத்தில் நிறைய உண்டு. அந்தப் பச்சைக்குள் பல நிபந்தனைகள் ஒளிந்திருக்கும். ஃபுளோரிடாவும் கொலராடோவும் பிற மாநில லைசென்ஸை, அந்த லைசென்ஸ் வழங்கிய மாநிலத்திலேயே வசிப்பவரிடம் இருந்தால்தான் ஏற்கும். டெக்சாஸிலிருந்து வேலை மாறி வேறு மாநிலத்துக்குக் குடிபோனவரின் பழைய அட்டை அங்கே செல்லாது. வேலை மாறினால் வீடு மாறுவது நம் பிள்ளைகளுக்கு வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

நான்கு, உள்ளூர் விதிகள். பெரும்பாலான மாநிலங்கள் நகராட்சிகள் தனிச் சட்டம் போடுவதைத் தடுத்துவைத்திருக்கின்றன. கொலராடோ 2021இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. அடுத்த ஆண்டே டென்வர் நகரம் தன் பூங்காக்களிலும் நகரக் கட்டடங்களிலும் மறைத்து எடுத்துச் செல்வதைத் தடை செய்தது.

ஐந்து, கூட்டாட்சி இடங்கள். நீதிமன்றங்கள், சமூகப் பாதுகாப்பு அலுவலகங்கள், குடியேற்றத் துறை அலுவலகங்கள் போன்ற கூட்டாட்சிக் கட்டடங்களுக்குள் மாநில லைசென்ஸ் உதவாது. கைரேகை கொடுக்கப் போகும் நாளில் இதை மறந்துவிடக் கூடாது.

ஆறு, யார் சொன்னது என்ற பதிவு. ஷெரீஃப் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தவர் 'பரவாயில்லை' என்றார் என்பது நீதிமன்றத்தில் நிற்காது. அட்டர்னி ஜெனரலின் கருத்துரைகூட விளக்கம்தான், சட்டம் ஆகாது. அந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற வழக்கறிஞர் எழுத்தில் தரும் பதிலுக்கே மதிப்பு அதிகம்.

பள்ளிவாசலின் வாசலில்

இந்தப் பொருள் நம் சமுதாயத்தை நேராகத் தொடும் இடம் இது. 2017 ஜனவரியில் கனடாவின் கியூபெக் பள்ளிவாசலில் ஆறு பேரும், 2019 மார்ச்சில் நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரும் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு, ஜும்ஆவுக்கு வருவோரின் பாதுகாப்பு அமெரிக்கப் பள்ளிவாசல் நிர்வாகங்களின் கூட்டங்களில் தவறாமல் எழும் பொருளாகிவிட்டது. தொழ வருபவர்களில் லைசென்ஸ் உள்ள சிலர் ஆயுதத்தோடு இருக்கலாமா என்ற கேள்வியும் எழுகிறது.

இதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு விடைதான். மிச்சிகன் சட்டம் தேவாலயம், யூத ஆலயம், பள்ளிவாசல் ஆகியவற்றை அந்தப் பெயர்களிலேயே சொல்லி, பொறுப்பாளர் அனுமதி தந்தால் அன்றி மறைத்து எடுத்துவரக் கூடாது என்கிறது. ஜார்ஜியாவிலும் வழிபாட்டுத் தலத்தின் நிர்வாகம் அனுமதித்தால்தான் உண்டு.

டெக்சாஸில் இது தலைகீழ். 2017 நவம்பரில் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் ஊர்த் தேவாலயத்தில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, 2019 செப்டம்பர் முதல் வழிபாட்டுத் தலங்கள் தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நிர்வாகம் பேசாமல் இருந்தால் அங்கே அனுமதி என்று பொருள். வேண்டாம் என்றால் முறைப்படி அறிவிப்புத் தர வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் மறைத்து எடுத்துவருவதற்கு 30.06, வெளியே தெரியும்படி எடுத்துவருவதற்கு 30.07, லைசென்ஸ் இல்லாதவருக்கு 30.05 என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. 30.06, 30.07 பலகைகளில் சட்டம் தந்த வாசகம் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் ஓர் அங்குல உயர எழுத்தில் இருக்க வேண்டும். துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டு ஒட்டிவிட்டால் அந்த இரண்டு பிரிவுகளும் நிறைவேறாது.

நியூயார்க் 2022 செப்டம்பரில் வழிபாட்டுத் தலங்களை முழுத் தடைக்குள் கொண்டுவந்தது. வழக்குகள் வந்தன. 2023 மே மாதத்தில் வழிபாட்டுத் தலத்தின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களுக்கு விலக்கு அளித்துச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே பொருளில் ஓர் ஆண்டுக்குள் இரு வேறு விதிகள்!

இன்னொரு நுணுக்கம் உண்டு. அமெரிக்காவில் பல பள்ளிவாசல் வளாகங்களுக்குள்ளேயே முழுநேரப் பள்ளிக்கூடமும் நடக்கிறது. கூட்டாட்சிச் சட்டப்படி பள்ளிக்கூட வளாகமும் அதைச் சுற்றி ஆயிரம் அடியும், அதாவது சுமார் 305 மீட்டரும், துப்பாக்கி இல்லாப் பகுதி. தனியார் பள்ளிகளும் மத நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளும் இதில் அடங்கும். அந்த மாநிலமே வழங்கிய லைசென்ஸ் உள்ளவருக்கு இதில் விலக்கு உண்டு. 'லைசென்ஸ் வேண்டாம்' என்ற மாநிலச் சலுகையில் வருபவருக்கு அந்த விலக்கு இல்லை. பள்ளிக் கட்டடத்துக்குள் மாநிலத்தின் தனித் தடையும் இருக்கும். ஆகவே பள்ளிவாசலுக்குள் ஆகுமானது, பத்தடி தள்ளி வகுப்பறைக்குள் குற்றமாகலாம். அந்த 29 மாநிலங்களில் வெர்மாண்ட் தவிர மற்றவற்றில் லைசென்ஸ் வழங்குவது நிற்காததற்கு இதுவும் பிற மாநிலங்களின் அங்கீகாரமும் முக்கியக் காரணங்கள்.

நிர்வாகங்கள் செய்ய வேண்டியது தெளிவு. எழுத்தில் ஒரு கொள்கை வேண்டும், அதை உள்ளூர் வழக்கறிஞர் பார்த்திருக்க வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் உள்ளூர்க் காவல்துறைக்கும் தெரிந்திருக்க வேண்டும். யாரோ ஒரு சகோதரர் தானாகவே காவலராகி இடுப்பில் ஆயுதத்தோடு நிற்பது பாதுகாப்பு ஆகாது. ஆபத்து நேரத்தில் வந்து சேரும் போலீஸாருக்கு, கையில் துப்பாக்கியோடு நிற்பவரில் யார் தாக்கியவர், யார் காத்தவர் என்பது முதல் சில நொடிகளில் தெரியாது.

போலீஸ் வண்டியை நிறுத்தினால்

சட்டப்படி வைத்திருப்பவரும் அறிய வேண்டிய ஒன்று இது. மிச்சிகனில் போலீஸ் நிறுத்தியதும், கேட்காமலே உடனடியாகச் சொல்ல வேண்டும். ஒஹையோவில் 2022இல் விதி மாறி, அதிகாரி கேட்டால் சொன்னால் போதும் என்றானது. டெக்சாஸில் அடையாள அட்டை கேட்டால் லைசென்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

சொன்னாலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஒரு கறுப்பின இளைஞர், லைசென்ஸ் பெற்றவர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அதிகாரியிடம் மரியாதையாகச் சொன்னார். அடுத்த சில நொடிகளில் அந்த அதிகாரி அவரைச் சுட்டுக் கொன்றார். அவரது துணைவியும் சிறு குழந்தையும் அதே காரில் இருந்தார்கள். அந்த அதிகாரியை அடுத்த ஆண்டு ஜூரி விடுவித்தது. தாடியும் வேற்றுப் பெயரும் கொண்ட நம் இளைஞர்கள் ஏட்டில் உள்ள உரிமையையும் சாலையில் உள்ள நிலவரத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

அனுமதி வேறு, அவசியம் வேறு

சட்டம் ஒன்றை அனுமதிக்கிறது என்பதால் அது நமக்குத் தேவை என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். 2020 முதல் சிறுவர்களும் பதின்வயதினரும் இறப்பதற்கான காரணங்களில் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் திருடனுக்காக வாங்கி வைத்தது, வீட்டுக்குள்ளேயே ஒரு மனச்சோர்வு நேரத்திலோ குழந்தையின் விளையாட்டிலோ எடுக்கப்படுகிறது. துப்பாக்கி வைத்திருக்கும் கிரீன் கார்டு, குடியுரிமைக் குடும்பங்கள் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்களா, தோட்டாவைத் தனியே வைத்திருக்கிறார்களா என்பதைப் பெரியவர்கள் தயங்காமல் கேட்க வேண்டும். விருந்தாளியாகப் போகும் வீட்டிலும் பேரக் குழந்தைகளுக்காக இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இங்கிருக்கும் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை வீடியோ அழைப்பில் பேசும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உன் விசா எது? நீ இருக்கும் மாநிலத்தின் சட்டத்தை அதன் அதிகாரபூர்வப் பக்கத்தில் படித்தாயா? நண்பர்களோடு பயிற்சிக் கூடத்துக்கோ வேட்டைக்கோ போகும் எண்ணம் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்டாயா? மாணவர், எச்1பி, சுற்றுலா விசாக்களில் இருப்பவருக்கு நாம் சொல்லும் பதில் சுருக்கமானது: தொடாதீர்கள், வாங்காதீர்கள், மற்றவருடையதைக் காரில் எடுத்துச் செல்லவும் சம்மதிக்காதீர்கள்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ பெற்று, நன்கு சிந்தித்து, உண்மையான தேவை இருப்பதாக முடிவெடுத்தவர்கள் அந்த மாநிலத்தின் லைசென்ஸைப் பெற்று, பயிற்சி எடுத்து, ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் சட்டத்தைப் புதிதாகப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சென்ற ஆண்டு பார்த்த விடை இந்த ஆண்டுக்கு உதவாது என்பதற்கு மேலே சொன்ன நியூயார்க், டெக்சாஸ், ஃபுளோரிடா மாற்றங்களே போதுமானவை.